ஓட்டு கேட்ட வீடுகளில் தண்ணீரைப் பற்றிக் கேட்டோம்

ஆசிரியருக்கு வணக்கம்.

இளைஞர்கள் அரசியலுக்கு வர வேண்டும் என்று தலையங்கம் எழுதியிருந்தீர்கள். சரி, வந்தபின் என்ன வேலை செய்வது? பென்னாகரம் பக்கத்தில் மூன்று தேர்தல்களுக்கு ஒரு கட்சிக்காக பூத் வேலை பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

2024 நாடாளுமன்றத் தேர்தலுக்கு பூத் சிலிப் கொடுக்கப் போனபோது, ஒரு வீட்டில் பத்து வயதுப் பெண் சிரித்தாள். சட்டென்று கையால் வாயை மூடிக்கொண்டாள். பல்லெல்லாம் காவிக்கறை. போர்த் தண்ணீரில் இருக்கும் புளோரைடு செய்யும் வேலை அது என்று எங்கள் மாவட்டத்தில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அதற்காகத்தானே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது? 2013இல் தொடங்கி வைத்தார்கள், எங்கள் ஊரிலும் குழாய் இருக்கிறது. அப்புறம் ஏன் இந்தக் கறை என்று நான் கேட்கவில்லை. காலையிலேயே வந்து ஓட்டுப் போட்டுவிடுங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டேன். அது இன்றும் உறுத்துகிறது.

தேர்தல் முடிந்ததும் அதே வாக்காளர் பட்டியலோடு நானும் இரண்டு நண்பர்களும் (ஒருவர் எதிர்க்கட்சிக்காரர்) மறுபடி வீடு வீடாகப் போனோம். குடிப்பது எந்தத் தண்ணீர், எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது, இவ்வளவுதான் கேட்டோம். மேட்டுத் தெருவில் 46 வீடுகளில் 31 வீட்டில் போர்த் தண்ணீர்தான். பிரிப்பு வால்வு பழுது, அதனால் மேட்டுக்குத் தண்ணீர் ஏறுவதில்லை என்ற காரணத்தையும் அந்த வீட்டுப் பெண்களே சொன்னார்கள். எத்தனையோ முறை ஓட்டு கேட்டுப் போன தெரு அது. எங்களுக்கு இது தெரியாமலேயே இருந்திருக்கிறது.

எங்கள் ஊரில் கிராம சபை என்றால் கையெழுத்து நோட்டு வீடு தேடி வரும், அவ்வளவுதான். அந்த அக்டோபர் 2 அன்று மேட்டுத் தெருப் பெண்கள் நாற்பது பேர் வந்து உட்கார்ந்தார்கள். தீர்மானத்தை எழுதி வாசித்துக் காட்டும்வரை எழுந்திருக்கவில்லை. நகலை வைத்து, திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுத்து ரசீது வாங்கினோம். ஒன்றும் அசையவில்லை. 2025 ஜனவரியில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலமும் முடிந்தது. போய்க் கேட்க ஆளில்லை. பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி, தீர்மானத்தின் மீது என்ன நடவடிக்கை என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டோம். பதில் தர 30 நாள் கெடு. பதில் வருவதற்கு முன்பே வால்வை மாற்ற ஆள் வந்துவிட்டது.

கட்சி வேலை வீண் என்று சொல்ல வரவில்லை. கூச்சமில்லாமல் கதவைத் தட்டக் கற்றுக்கொண்டது அங்கேதான். ஆனால் தட்டிய பிறகு நாங்கள் மட்டுமே பேசிக்கொண்டிருந்தோம்.

அந்தப் பெண்ணின் பல்லில் இருக்கும் கறை தேய்த்தால் போகாது. அவள் தம்பி இப்போதுதான் நடை பழகுகிறான், அவனாவது நல்ல தண்ணீர் குடித்து வளரட்டும்.

ஒரு வேண்டுகோள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வாரம் முன்பே உங்கள் இதழில் அந்தத் தேதியைப் பெரிதாகப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பென்னாகரம் வட்டம், தருமபுரி மாவட்டம்