பெயர் ஓடும்போது எழுந்துவிடாதீர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். வாசகர்கள் எப்படிப் படம் பார்க்கிறார்கள் என்று எழுதி அனுப்பச் சொல்லிப் போன இதழில் கேட்டிருந்தீர்கள். மூன்று நாளாக யோசித்து இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் போகும், ஆனாலும் முழுதாகப் படித்துவிடுங்கள், கடைசியில் உங்களிடம் கேட்க ஒரு விஷயம் இருக்கிறது.

நான் நிறையப் படம் பார்க்கிறவள் இல்லை. மாதத்துக்கு மூன்று, மிஞ்சினால் நான்கு. ஆனால் பிடித்துப்போன படத்தை ஒரு தடவையோடு விடுவதில்லை. முதல் தடவை கதைக்காக. தியேட்டர் என்றால் பெயர் போடுவதற்கு முன்பே சீட்டில் இருந்தாக வேண்டும். வீட்டில் என்றால் அடுப்படி வேலையெல்லாம் முடித்து, விளக்கை அணைத்து, போனை அடுத்த அறையில் வைத்துவிட்டுத்தான் உட்காருவேன், நடுவில் நிறுத்துவது கிடையாது. இரண்டாம் தடவை ஒரு வாரமாவது கழித்து. கதை தெரிந்துவிட்டதால் அப்போதுதான் கண் மற்ற இடங்களுக்குப் போகும். வெளிச்சம் எந்த ஜன்னல் வழியாக வருகிறது, வசனம் இல்லாமல் ஓரத்தில் நிற்பவர் கையை எங்கே வைத்திருக்கிறார், இசை எந்த இடத்தில் சட்டென்று நிற்கிறது, இதெல்லாம் முதல் தடவையில் எனக்குத் தெரிந்ததே இல்லை.

என் பேரன் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டுப் பார்க்கிறான். கதை புரிந்துவிடுகிறதே பாட்டி, அப்புறம் என்ன என்கிறான். பதில் சொல்வதற்கு முன்னால் ஒருவர் எச்சில் விழுங்குகிற அந்த ஒரு நொடியில்தான்டா கதையே இருக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன், வாயால் சொன்னால் புரிகிற விஷயமா இது? ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் உட்காரவைத்து 'கடைசி விவசாயி' போட்டேன். அந்தப் பெரியவர் நீதிமன்றத்தில் நிற்கும்போதும் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுவதையே நினைத்துக்கொண்டிருப்பாரே, அந்த இடத்தில் பையன் அசையவே இல்லை. படம் முடிந்ததும் கேமரா யார் என்று அவனாகவே கேட்டான். இயக்குநர் மணிகண்டனேதான் என்று சொன்னேன். அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தை இங்கே எழுதத் தெரியவில்லை.

அந்தக் கேள்விதான் என் பழக்கத்துக்கே வேர். நான் ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர். 1980களின் கடைசியில் தூர்தர்ஷனில் ஞாயிறு மதியம் வங்காளம், மலையாளம், கன்னடம் என்று பிற மொழிப் படங்கள் போடுவார்கள், கீழே ஆங்கிலத்தில் வசனம் ஓடும். தெருவே தூங்கும் நேரம், நான் மட்டும் உட்கார்ந்திருப்பேன். மறுநாள் பள்ளிக்கூடத்தில் அந்தப் படத்தைப் பற்றிப் பேச ஒருத்தரும் இருக்கமாட்டார்கள் என்பதால் ஒரு நோட்டு போட்டேன். தேதி, படத்தின் பெயர், பெயர்ப் பட்டியலில் எழுதி முடிக்க முடிந்தவரை எல்லாப் பெயர்களும். இப்போது ஏழாவது நோட்டு ஓடுகிறது. படம் எப்படி இருந்தது என்று அதில் ஒரு வரிகூட எழுதுவதில்லை, பெயர்கள் மட்டும்தான். ஒரு பெயர் இரண்டு மூன்று பக்கத்தில் திரும்பத் திரும்ப வந்தால் அந்த ஆளைத் தேடிப் போய்விடுவேன்.

அப்படிப் போனதில் எனக்குக் கிடைத்த ஒரே ஒரு ஆளைப் பற்றி மட்டும் சொல்கிறேன். 1954இல் ஏவிஎம் எடுத்த 'அந்த நாள்' பாட்டே இல்லாத தமிழ்ப் படம் என்பது எல்லாருக்கும் தெரியும். சென்னையில் ஜப்பான்காரன் குண்டு போட்ட 1943ஆம் வருஷத்துக் கதை, ஒரு ரேடியோ இன்ஜினியர் சுடப்பட்டுக் கிடக்கிறார், ஆளாளுக்கு ஒரு வாக்குமூலம். சுட்டது யார் என்று நான் சொல்லமாட்டேன், பார்க்காதவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வந்த புதிதில் சரியாக ஓடவில்லை என்பார்கள். நான் அதைப் பதினோரு தடவை பார்த்திருக்கிறேன். இயக்கியவர் எஸ்.பாலசந்தர். நோட்டில் எழுதிய பெயரும், பிறகு ஒருநாள் ரேடியோவில் வீணை வாசிக்கக் கேட்ட பெயரும் ஒன்றாக இருந்தது. வேறு யாரோ என்றே கொஞ்ச நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். வீணை பாலசந்தரும் அவர்தான் என்று தெரிந்தபோது எனக்குத் தூக்கம் வரவில்லை. குருவிடம் போகாமல் தானாகவே வீணை கற்றவர், கர்நாடக இசையின் தாய் ராகங்களான 72 மேளகர்த்தா ராகங்களையும் வீணையில் பதிவு செய்தவர், அப்படிப்பட்ட ஒரு மனிதர்தான் பாட்டே வேண்டாம் என்று ஒரு படம் எடுத்திருக்கிறார்! இசை தெரியாதவர் பாட்டை விட்டுவிடுவது வேறு, எந்த இடத்தில் இசை வேண்டாம் என்று தெரிந்தவர் விடுவது வேறு. அவர் வீணையைக் கேட்ட பிறகு அந்தப் படத்தைத் திரும்பப் போட்டேன். வீணைத் தண்டில் விரல் வைக்கிற ஒரே மெட்டில் தந்தியை இழுத்து இழுத்து அவர் ஸ்வரங்களைக் கொண்டுவருவாரே, அதே நிதானத்தோடு ஒரே கொலையைச் சுற்றிச் சந்தேகத்தை ஒவ்வொருவர் மேலாக நகர்த்திக்கொண்டு போகிறார். எனக்கு அப்படித்தான் படுகிறது.

அங்கேயும் நிற்கவில்லை. துப்பறியும் அதிகாரியாக வரும் ஜாவர் சீதாராமன்தான் அந்தப் படத்தின் எழுத்தும். அவருடைய 'உடல் பொருள் ஆனந்தி' நாவலை நூலகத்தில் எடுத்து இரண்டே ராத்திரியில் முடித்தேன். பாலசந்தரின் அண்ணன் எஸ்.ராஜம். 1934இல் பிரபாத் கம்பெனி எடுத்த 'சீதா கல்யாணம்' படத்தில் ராஜம்தான் ராமர், அவர்களுடைய சகோதரி ஜெயலட்சுமிதான் சீதை, சின்னப் பையன் பாலசந்தரும் அதில் உண்டு. பாட்டு எழுதி இசையமைத்த பாபநாசம் சிவன் சினிமாவுக்குள் வந்ததும் அந்தப் படத்தில்தான். அப்புறம் ராஜம் சினிமாவை விட்டுப் பாட்டுக்கும் ஓவியத்துக்கும் போனார். நான் திருவாரூர்க்காரி, தியாகராஜர், முத்துசாமி தீட்சிதர், சியாமா சாஸ்திரி என்ற சங்கீத மும்மூர்த்திகள் மூவரும் பிறந்த ஊர். சின்ன வயதில் பாட்டு டீச்சர் வீட்டுச் சுவரில் மூவரும் சேர்ந்திருக்கும் படம் தொங்கும், எத்தனையோ சாயங்காலம் அதைப் பார்த்துக்கொண்டே வர்ணம் பாடியிருக்கிறேன். இன்றைக்கு நாம் மும்மூர்த்திகளின் முகம் என்று நினைத்துக்கொண்டிருப்பது பெரும்பாலும் இந்த ராஜம் வரைந்த முகம்தான் என்று தெரிய எனக்கு ஐம்பது வயது ஆகவேண்டியிருந்தது. சுவரில் இருந்த படத்துக்கு ஒரு சினிமாவின் பெயர்ப் பட்டியல் வழியாக நான் திரும்பி வந்து சேர்ந்திருக்கிறேன்.

இதனால்தான் எனக்குக் கோபம் வருகிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். சில மாதங்களுக்கு முன் ஒரு டிவி சேனலில் 'அந்த நாள்' போட்டார்கள், ஆசையாக உட்கார்ந்தேன். பெயர் வரும்போது திரையின் கீழ்ப் பாதியை ஒரு விளம்பரப் பட்டை மறைத்துக்கொண்டது. படம் ஆரம்பித்தால் நெற்றிக்கு மேல் தலையைக் காணோம். பழைய படங்களின் திரைச் சட்டம் (ஃப்ரேம்) ஏறக்குறைய 4:3, அகலம் நான்கு என்றால் உயரம் மூன்று. தமிழில் சினிமாஸ்கோப் என்கிற அகலத் திரை வந்ததே 1973இல் 'ராஜராஜ சோழன்' படத்தோடுதான். இன்றைய டிவி 16:9. இரண்டு பக்கமும் கறுப்பாக இருந்தால் பார்ப்பவர்களுக்குப் பிடிக்காது என்று அகலம் நிரம்பும்வரை படத்தைப் பெரிதாக்கிவிடுகிறார்கள், அப்போது மூன்று பங்கு உயரத்தில் 2.25 பங்குதான் மிஞ்சும், அதாவது படத்தில் கால் பாகம் போய்விடுகிறது. முழுப் படத்திலும், ஒவ்வொரு காட்சியிலும் கால் பாகம்! ஒளிப்பதிவு செய்தவர் கூரையையும் நிழலையும் சும்மாவா உள்ளே வைத்தார்? இருட்டும் நிழலும்தான் அந்தப் படத்தின் பயமே. பதினோரு தடவை பார்த்ததால் எனக்குத் தெரிந்தது, முதல் தடவை பார்க்கிற பிள்ளைக்கு எப்படித் தெரியும், படமே இவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டு போய்விடும். அந்தச் சேனலுக்கு எழுதினேன், பதில் இல்லை.

ஓடிடியில் வேறு மாதிரி. படம் முடிந்து மனது அடங்குவதற்குள் பெயர்ப் பட்டியல் மூலையில் சின்னப் பெட்டியாகிவிடும், அடுத்த படத்துக்கு எண்ணிக்கை ஓட ஆரம்பித்துவிடும். ரிமோட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு அதைத் தடுத்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது. இதே பாலசந்தர் 1964இல் 'பொம்மை' எடுத்தபோது படத்தின் முடிவில் தானே திரையில் வந்து, நடித்தவர்களையும் வேலை செய்த தொழில்நுட்பக் கலைஞர்களையும் நமக்கு அறிமுகம் செய்துவைப்பார். ஜேசுதாஸ் தமிழில் முதலில் பாடிய பாட்டும் அந்தப் படத்தில்தான். இவர்களெல்லாம் இல்லாமல் இந்தப் படம் இல்லை என்று ஒரு இயக்குநர் நேரில் வந்து சொல்லிவிட்டுப் போன அந்தக் கடைசி நிமிஷங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கண் கலங்கும்.

சரி, கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். உங்கள் விமர்சனப் பக்கத்தை வாரம் தவறாமல் படிக்கிறேன், நன்றாகவே எழுதுகிறீர்கள். ஆனால் நாயகன், நாயகி, இயக்குநர், இசை, இதோடு நிறுத்திக்கொள்கிறீர்கள். ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, ஒலி, கலை, இந்த நான்கு பெயர்களையும் பொடி எழுத்திலாவது சேர்த்துப் போடுங்கள், நான்கு வரிதான் ஆகும். பழைய படத்தைப் பற்றிக் கட்டுரை வந்தால் படம் வெளியான வருஷத்தையும் கட்டாயம் போடுங்கள். என்னைப் போல எங்கேயோ ஒரு ஊரில் நோட்டோடு உட்கார்ந்திருக்கிற ஒரு பெண் அதைப் பார்த்து எழுதிக்கொள்வாள்.

இன்னொன்று. 'சீதா கல்யாணம்' பற்றிப் படித்தவைதான் மேலே எழுதியிருப்பதெல்லாம், முழுப் படத்தைப் பார்க்க எனக்கு இன்னும் வாய்க்கவில்லை. எங்கே போனால் பார்க்கலாம் என்று உங்கள் வாசகர்களில் யாருக்காவது தெரிந்திருந்தால் உங்கள் முகவரிக்கு எழுதச் சொல்லுங்கள், ரயிலேறி வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
ஒரு வாசகி,
திருவாரூர்