எம்ஜிஆர் சமாதியில காது வச்சு கேக்குற ஜனங்களுக்கு அவரு குரலைக் கேக்க வைங்க

மெரினா நினைவிடங்களைப் பாத்துக்குற அதிகாரிங்க எல்லாருக்கும் வணக்கம்.

நான் சொல்லப்போறது நீங்க தினமும் பாக்குற விஷயந்தான். எங்கெங்கயோ கிராமத்துல இருந்து வேன் புடிச்சு கோயில் குளம்னு சுத்திட்டு மெட்ராஸ் வந்து இறங்குற ஜனங்க, அண்ணா சமாதியைப் பாத்துட்டு நேரா எம்ஜிஆர் சமாதிக்கு வந்து குனிஞ்சு கல்லுல காதை வைக்கிறாங்க. தலைவரோட கைக்கடிகாரம் உள்ள இன்னும் ஓடுது, டிக் டிக்னு சத்தம் வரும்னு ஊர்ல யாரோ சொல்லி அனுப்பியிருப்பாங்க. ஒரு பாட்டி வச்சா பின்னாடியே பேத்தியும் வைக்கும், "கேக்குதா கேக்குதா"ன்னு வரிசையில நிக்கிற அத்தனை பேரும் கேப்பாங்க.

இதைப் பாத்து சிரிச்சுட்டு போறவங்க மேல எனக்கு கோவந்தான் வருது. அவரு போனது 1987 டிசம்பர் 24, இன்னிக்கு அந்த கல்லுல காது வைக்கிற பிள்ளைங்களோட அப்பா அம்மாவே அப்ப சின்னப் பசங்களா இருந்திருப்பாங்க, ஆனாலும் அந்த மனுசன்கிட்ட இருந்து ஏதாவது ஒரு சத்தம் வரும்னு நம்பி இவ்ளோ தூரம் வர்றாங்க. கேக்கணும்னு வர்ற ஜனங்களுக்கு கேக்குறதுக்கு நாம எதையாவது குடுக்கணும் இல்லையா? நான் இந்த மடல் எழுதுறதே அதுக்குத்தான்.

சமாதிக்குப் பக்கத்துலயே நிழலா ஒரு இடம் பாத்து, பழைய டெலிபோன் ரிசீவர் மாதிரி காதுல வச்சுக் கேக்குற கருவி நாலஞ்சு வைங்க. பட்டனை அமுக்குனா அவரு பேசுன பேச்சு ரெண்டு நிமிஷம் வரணும், அவ்ளோதான். ஸ்பீக்கர் மட்டும் தயவுசெஞ்சு வேணாம், ஸ்பீக்கர் வச்சா அந்த இடமே கட்சி மீட்டிங் மாதிரி ஆயிடும், ஒவ்வொருத்தரும் தனியா கேக்குறதுலதான் அந்த காது வைக்கிற பழக்கத்துக்கு ஒரு மரியாதை இருக்கு. போட்டோ, அருங்காட்சியகம் எல்லாம் வேற கணக்கு. படிக்கத் தெரியாத ஒரு அம்மாவுக்கு கல்வெட்டை விட குரல்தான் சட்டுனு போய்ச் சேரும். பக்கத்துலயே 2024 பிப்ரவரியில திறந்த கலைஞர் நினைவிடத்துல தரைக்கு அடியில டிஜிட்டல் காட்சியெல்லாம் வச்சிருக்கீங்க, அதனால இது உங்களால முடியாத வேலைன்னு யாரும் சொல்ல முடியாது.

ஆனா எந்தக் குரலைப் போடுறீங்கங்கிறது ரொம்ப முக்கியம். நல்லா கணீர்னு இருந்த காலத்துப் பேச்சை மட்டும் எடுத்துப் போட்டுட்டு நிறுத்திடாதீங்க. 1967 ஜனவரி 12ல எம்.ஆர்.ராதா சுட்ட குண்டு கழுத்துல பாஞ்சதுல அவரு குரலே மாறிப்போச்சு, நடிகனுக்கு அதை விட பெரிய இழப்பு என்ன இருக்கு சொல்லுங்க, ஆனா மாறுன குரலோடயே படம் நடிச்சாரு, மேடை ஏறுனாரு, 1972ல தனிக்கட்சி ஆரம்பிச்சு 1977ல முதலமைச்சரும் ஆனாரு. அதுக்கப்புறம் 1984ல பக்கவாதம் வந்து பேச்சு இன்னும் குழறிப்போச்சு. அந்த வருஷம் அமெரிக்கா ஆஸ்பத்திரியில படுத்திருந்தப்பவே ஆண்டிபட்டியில ஜெயிக்க வச்சாங்க நம்ம ஜனங்க. திரும்பி வந்து அவரு கஷ்டப்பட்டு பேசுன நாலு வார்த்தையைக் கேக்க அவ்ளோ கூட்டம் நின்னுச்சே, அந்தக் குரலும் அங்க இருக்கணும். "என் ரத்தத்தின் ரத்தமான உடன்பிறப்புகளே"ன்னு அவரு கூப்பிடுறதை பக்கவாதத்துக்கு முந்தின குரல்லயும் பிந்தின குரல்லயும் கேக்கட்டும். வானொலி நிலையத்துலயும் பழைய செய்திப் படச் சுருள்லயும் தேடுனா கிடைக்கும், அதுக நசிஞ்சு போறதுக்கு முன்னாடி தேடுங்க.

அடுத்தது சத்துணவு. எங்க அம்மா சத்துணவுக் கூடத்துல சமைச்சவங்க, அதனால இதைக் கொஞ்சம் விரிவாவே சொல்றேன். பள்ளிக்கூடத்துல மதிய சாப்பாடுங்கிறதை காமராஜர் காலத்துலயே பெருசா செஞ்சாங்க, அதை மறைச்சுட்டு பேசக்கூடாது. 1982 ஜூலை 1ல திருச்சி பக்கம் பாப்பாக்குறிச்சியில எம்ஜிஆர் ஆரம்பிச்சது அதை விட ரொம்பப் பெரிய அளவு, முதல்ல கிராமத்துப் பிள்ளைங்களுக்கு, அந்த செப்டம்பர்லயே டவுனுக்கும், 1984ல 15 வயசு வரைக்கும்னு விரிஞ்சுக்கிட்டே போச்சு. பணம் எங்க இருந்து வரும்னு எத்தனையோ பேர் கேட்டாங்க. அப்பா செத்து, கும்பகோணத்துல அம்மா வளத்து, பசிக்காக ஏழெட்டு வயசுல நாடகக் கம்பெனிக்குப் போன பையன் அவரு, அதனால அந்தக் கேள்விக்கெல்லாம் அவரு நிக்கல. அவரு ஆட்சியில எல்லாமே சரியா நடந்துச்சுன்னு நான் சொல்ல வரல, ஆனா இந்த ஒரு விஷயத்துல பிள்ளைங்களுக்கு சோறு மட்டும் இல்ல, ஊர் ஊருக்கு அமைப்பாளர், சமையலர், உதவியாளர்னு பெண்களுக்கு வேலை கிடைச்சுது, அதுல புருஷன் இல்லாதவங்க, ஆதரவு இல்லாதவங்க எத்தனை பேர்! அப்ப விடிகாலையில அடுப்பு பத்த வச்ச ஆயாம்மாக்கள் இப்ப வயசாகி அங்கங்க இருக்காங்க. ஒரு ரிசீவர்ல அவங்க குரலைப் போடுங்க. முதல் நாள் எத்தனை படி அரிசி போட்டாங்க, எந்தப் பிள்ளை ரெண்டாவது தடவை தட்டை நீட்டுச்சுன்னு அவங்களே சொல்லட்டும்.

கடைசியா ஒண்ணு, இதை விட்டுடாதீங்க. காது கேக்காதவங்களும் அந்த சமாதிக்கு வர்றாங்க. எம்ஜிஆர் தன்னோட ராமாவரம் தோட்டத்துல அவங்களுக்கும் இடம் குடுத்து உயில்ல எழுதி வச்சாரு, அங்க இன்னிக்கும் பேச்சு, செவித்திறன் குறைஞ்ச பிள்ளைங்களுக்கு பள்ளிக்கூடம் நடக்குது. அதனால ஒவ்வொரு ரிசீவருக்கும் பக்கத்துல சின்னதா ஒரு திரை வைங்க, பேச்சு எழுத்துலயும் ஓடணும், சைகை மொழியிலயும் யாராவது சொல்லணும். அந்த சைகை வீடியோவுக்கு வெளியில எங்கயும் ஆள் தேட வேணாம், ராமாவரம் பள்ளியில படிக்கிற பிள்ளைங்களையும் அங்க படிச்சு முடிச்சவங்களையும் கூப்பிட்டு எடுங்க, பேரைப் போட்டு, அதுக்கு உண்டான சம்பளத்தையும் குடுங்க.