ஸ்டிக்கர் போதாது, லைட் வேண்டும்

மாவட்ட சாலைப் பாதுகாப்புக் குழுவினருக்கு வணக்கம்.

போன வாரக் கூட்டத்தில் நானும் இருந்தேன். பள்ளிப் பிள்ளைகளின் சைக்கிளுக்கு லைட் கேட்டபோது, "அதான் பின்னாடி சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டியாச்சே" என்று சொல்லி அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டீர்கள். அன்றிலிருந்து மனசு ஆறவில்லை.

என் மகள் பதினொன்றாம் வகுப்பு. கார்த்திகை மாதம் ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. ஸ்பெஷல் கிளாஸ் விடுவது ஆறேகாலுக்கு. அன்று தூறல் வேறு. ஏரிக்கரைத் திருப்பத்தில் பக்கத்துச் சாலையிலிருந்து ஏறிய கார் அவளுடைய முன்சக்கரத்தில் இடித்தது. ரிம் வளைந்து, ஹேண்டில்பார் திருகி, புத்தகப் பை சேற்றில். முழங்கைச் சிராய்ப்போடு தப்பினாள். தூக்கிவிட்ட கார்க்காரருக்குக் கையெல்லாம் நடுக்கம். "சத்தியமா தெரியல பாப்பா" என்றாராம்.

அவர் பொய் சொல்லவில்லை. ஸ்டிக்கர் தானாக ஒளிராது. ஹெட்லைட் அதன்மேல் பட்டால்தான் தெரியும். பக்கவாட்டில் வந்த காரின் வெளிச்சம் பின் மட்கார்டில் எப்படிப் படும்?

டென்மார்க்கின் ஓடென்சே நகரில் 2004-05இல் 1,845 பேரின் சைக்கிள்களில் பகலிலும் அணையாத விளக்கை மாட்டி, மற்ற 2,000 பேரோடு ஓராண்டு ஒப்பிட்டார்கள். விளக்கு மாட்டியவர்களுக்குக் காயம்பட்ட விபத்து 19 சதவீதம் குறைவு. நம் நாட்டிலும் 2017 ஏப்ரல் முதல் புது பைக்குகளில் ஹெட்லைட் பகலிலும் எரிகிறது. பைக்குக்குப் பொருந்தும் நியாயம் சைக்கிளுக்குப் பொருந்தாதா?

எங்கள் காலத்தில் லைட் இல்லாமல் போனால் போலீஸ்காரர் நிறுத்தி டயரில் காற்றைப் பிடுங்கிவிடுவார். டைனமோவைத் தட்டிவிட்டால் மிதிக்கக் கனக்கும், ஆனாலும் போடுவோம். இப்போது கடைக்கு வரும் சைக்கிள்களில் டைனமோவும் இல்லை, கேட்பாரும் இல்லை. ஊருக்குள்ளேயே ஹைபீமை இறக்காத கார்களை யார் நிறுத்துகிறார்கள்? அந்த வெளிச்சத்தில் நடுவே வரும் சைக்கிள் மறைந்தே போகிறது. ஏரிக்கரைத் தெருவிளக்குக்கு மூன்று மனு கொடுத்தாயிற்று.

சரி, கேட்க வந்ததைக் கேட்கிறேன். கண்ணைப் பறிக்கும் விளக்கு வேண்டாம். எதிரே வருபவருக்குக் கண் கூசினால் அதுவும் ஆபத்து. தரையைப் பார்த்த வெள்ளை விளக்கு முன்னால் ஒன்று, சிவப்பு விளக்கு பின்னால் ஒன்று. அரையாண்டுத் தேர்வுக்கு முன்பே எல்லாப் பள்ளிச் சைக்கிள்களிலும் மாட்டித் தர ஏற்பாடு செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

அதுவரை தினமும் ஆறேகாலுக்கு அவள் பின்னாலேயே ஸ்கூட்டரை மெதுவாக ஓட்டி வெளிச்சம் காட்டிக்கொண்டு வருகிறேன். அந்த வழியில் வரும் மற்ற பதினோரு பிள்ளைகளுக்கும் அந்த ஒரு ஹெட்லைட்தான்.

இப்படிக்கு,
ஒரு மாணவியின் தந்தை