1951 அக்டோபர் 3: மகளுக்கு ஒரு பதில்

அன்பு மகளுக்கு,

தொலைநோக்கி வைத்து வென்ற ஓர் ஆட்டத்தை ஜெயன்ட்ஸ் பேஸ்பால் அணி இன்னும் ஏன் கொண்டாடுகிறது என்று கேட்டிருந்தாய். சான் பிரான்சிஸ்கோவில் குடியேறிய பிறகு அதை உன் அணியாகவே வரித்துக்கொண்டவள் நீ. அதனால் உன் மனம் புண்பட்டிருப்பது எனக்குப் புரிகிறது. தொலைபேசியில் சொல்லி முடியாது என்பதால் எழுதுகிறேன்.

அந்நாளில் ஜெயன்ட்ஸ், டாட்ஜர்ஸ் இரண்டும் நியூயார்க் நகரத்து அணிகள். ஆகஸ்ட் நடுவில் 13 ஆட்டங்கள் பின்தங்கியிருந்த ஜெயன்ட்ஸ், தொடர்ந்து 16 ஆட்டங்களை வென்று, கடைசி 44 ஆட்டங்களில் 37 வெற்றிகளுடன் டாட்ஜர்ஸை எட்டிப் பிடித்தது. இரண்டுக்கும் 96 வெற்றி, 58 தோல்வி. ஆகவே லீக் பட்டத்தை முடிவு செய்ய மேலும் மூன்று ஆட்டங்கள் தேவைப்பட்டன. முதலாவதை ஜெயன்ட்ஸ் 3-1 என்றும், இரண்டாவதை டாட்ஜர்ஸ் 10-0 என்றும் வென்றன.

மூன்றாவது ஆட்டம் ஜெயன்ட்ஸின் சொந்த மைதானமான போலோ கிரவுண்ட்ஸில் நடந்தது. கடைசி, அதாவது ஒன்பதாவது இன்னிங்ஸில் ஜெயன்ட்ஸ் அடிக்க வந்தபோது டாட்ஜர்ஸ் 4-1 என முன்னிலையில் இருந்தது. ஜெயன்ட்ஸின் டார்க்கும் முல்லரும் அடித்துவிட்டு ஓடி பேஸ் (ரன் எடுக்கும் வழியில் உள்ள நிறுத்தம்) சேர்ந்தார்கள், இர்வின் ஆட்டமிழந்தார், லாக்மேனின் அடியில் ஒரு ரன் வந்தது. களைத்துப்போன டாட்ஜர்ஸ் பந்துவீச்சாளர் நியூகோம்புக்குப் பதிலாக ரால்ஃப் பிராங்கா பந்து வீச வந்தார். அவருடைய இரண்டாவது பந்தை ஜெயன்ட்ஸின் பாபி தாம்சன் இடப்பக்க ரசிகர் வரிசைக்குள் அடித்தார்; இதைத்தான் ஹோம் ரன் என்பார்கள். அவரும் பேஸ்களில் நின்ற இருவரும் ஓடி வந்து மூன்று ரன்கள் சேர, ஆட்டம் 5-4 என முடிந்தது. அடுத்து ஆட வேண்டியவராகக் காத்திருந்தவர், அந்த ஆண்டுதான் அணிக்கு வந்திருந்த வில்லி மேஸ்.

உன் கேள்வி 2001இல் வெளியான செய்தியைப் பற்றியது. எந்தப் பந்து வேண்டும் என்று, அடிப்பவருக்குப் பின்னால் அமரும் கேட்சர் தன் பந்துவீச்சாளருக்கு விரல்களால் காட்டும் சைகையை, மைதானத்தின் நடுக்கோடியில் இருந்த அறையிலிருந்து ஜெயன்ட்ஸ் தொலைநோக்கியால் பார்த்து, மின்மணி மூலம் தன் வீரர்களுக்குத் தெரிவித்து வந்ததாக வால் ஸ்ட்ரீட் ஜர்னல் எழுதியது. அது உண்மை, நான் அதற்குச் சமாதானம் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பந்துக்குத் தமக்குச் சைகை வரவில்லை என்று தாம்சன் மறுத்தார். இன்னொன்றையும் நீ எடைபோட வேண்டும். 10-0 என்று ஜெயன்ட்ஸ் தோற்றதும் தொலைநோக்கி இருந்த அதே போலோ கிரவுண்ட்ஸில்தான்; மறுநாள் எட்டு இன்னிங்ஸ் வரை நியூகோம்ப் ஒரே ஒரு ரன்தான் கொடுத்தார். தாம்சன் முதல் ஆட்டத்திலும் இதே பிராங்காவின் பந்தில் ஹோம் ரன் அடித்திருந்தார். அது நடந்த இடமோ டாட்ஜர்ஸின் சொந்த மைதானமான எபெட்ஸ் ஃபீல்ட். சைகையைத் திருடியதால் மட்டுமே வந்த வெற்றி என்று சொல்ல என்னால் முடியவில்லை. களங்கமே இல்லாத வெற்றி என்று சொல்லவும் மனம் வரவில்லை.

எனக்கு இந்த ஆட்டம் முக்கியமாகப் படுவது பிராங்காவால்தான். 1947இல் 21 வயதில் 21 வெற்றிகள் பெற்ற பந்துவீச்சாளர் அவர். 25 வயதில் வீசிய ஒரு பந்தோடு சேர்த்தே வாழ்நாள் முழுவதும் அவரை அடையாளம் காட்டினார்கள். ஜெயன்ட்ஸ் சைகையைத் திருடிய செய்தி 1954இலேயே சக வீரர் ஒருவர் மூலம் அவர் காதுக்கு வந்துவிட்டது. அதைச் சொல்லியிருந்தால் பழி பாதியாவது இறங்கியிருக்கும். செய்தித்தாள் வெளியிடும் வரை அவர் அதை ஊரறியச் சொல்லவில்லை. இடைப்பட்ட ஆண்டுகளில் தாம்சனுடன் எத்தனையோ மேடைகளில் ஒன்றாக அமர்ந்து, தம்மைத் தோற்கடித்த அந்த அடியின் படங்களில் கையெழுத்திட்டார்; இருவரும் நண்பர்களானார்கள். இவ்வளவு பொறுமையை நான் வேறு எந்த விளையாட்டிலும் பார்த்ததில்லை.

ஆகையால் உன் அணியை நீ விட்டுவிட வேண்டாம், மகளே. 5-4 என்ற கணக்கும் அப்படியே இருக்கட்டும். ஆனால் அங்குள்ள நண்பர்களிடம் தாம்சனின் அடியைப் பற்றிப் பேசும்போது, தொலைநோக்கியை மறைக்காமல் சொல். பிராங்காவின் பெயரையும் விட்டுவிடாதே.

அன்புடன்,
அப்பா