கூடுதல் ஒரு மணி நேரம் மட்டும் போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

என் மகன் பத்தாம் வகுப்பு படிக்கிறான். அவனுக்கு டிஸ்லெக்சியா, அதாவது வாசிப்பதும் எழுதுவதும் சிரமமாக இருக்கிற ஒரு கற்றல் குறைபாடு. இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குப் பொதுத்தேர்வில் சொல்வதை எழுதுபவர், கூடுதலாக ஒரு மணி நேரம், ஒரு மொழிப்பாடத்தில் விலக்கு எனச் சலுகைகள் உண்டு. நல்ல ஏற்பாடு, நன்றி சொல்ல வேண்டும். ஆனால் வகுப்பில் வாய்விட்டு வாசிக்கச் சொன்னால் அவனுக்கு உள்ளங்கை வியர்த்துவிடும். தண்ணீர் குடிக்க வேண்டும் என்று எழுந்து போய்விடுவான். வீட்டுத் தண்ணீர் மோட்டாரைப் பிரித்துத் திரும்பப் பூட்டுகிற பிள்ளை, ராத்திரி படுக்கும்போது "நான் மக்குதானேம்மா" என்கிறான். சிறப்பாசிரியர் எழுத்தைச் சொல்லித் தருவார், சரி. இந்தப் பயத்தை உட்கார்ந்து கேட்க ஒரு ஆலோசகர் வேண்டாமா?

பெரியவர்கள் பாடு இன்னும் மோசம். என் கொழுந்தனார் லேத் பட்டறையில் கெட்டிக்காரர். வங்கியில் படிவத்தை நீட்டினால் மட்டும் "கண்ணாடி எடுத்து வரலையே" என்பார். அவர் கண்ணாடி போடுகிற ஆளே இல்லை. படிக்கிற காலத்தில் அவரைச் சோம்பேறி என்றுதான் சொன்னார்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் கற்றல் குறைபாடும் ஒன்று என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

ஒன்றிய அளவில் பள்ளிகளுக்கு உதவுகிற வட்டார வள மையம் ஒவ்வொன்றிலும் வாரத்தில் ஒரு நாளாவது மனநல ஆலோசகர் இருக்க வேண்டும். அதுவும் சாயங்கால நேரத்தில், வேலைக்குப் போகிறவர்களும் வரும்படியாக. பெற்றோரிடமும் அவர் பேச வேண்டும். பள்ளிக்கல்வித் துறை இதை வரும் கல்வியாண்டிலேயே தொடங்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு மாணவனின் தாய்,
கரூர்.