கடிகாரம் நகர்த்திய கௌபாய் படம்

ஆசிரியருக்கு வணக்கம்.

கௌபாய் படங்களில் குதிரையும் துப்பாக்கியும் தவிர வேறொன்றும் இல்லை என்ற தொனியில் தங்கள் இதழில் வெளியான கட்டுரையைப் படித்ததும், 1952இல் ஃபிரெட் ஜின்னமன் இயக்கிய ‘ஹை நூன்’ படத்தைப் பற்றி எழுதியே ஆகவேண்டும் என்று தோன்றியது. அந்தப் படத்தில் இறுதிச் சண்டை தொடங்கும் வரை யாரும் யாரையும் சுடுவதில்லை.

திருமணம் முடிந்த கையோடு பதவியைத் துறந்து புறப்படும் மார்ஷல் (ஊர்க் காவல் அதிகாரி) வில் கேனுக்கு, தான் சிறைக்கு அனுப்பிய ஃபிராங்க் மில்லர் விடுதலையாகி நண்பகல் ரயிலில் வருகிறான் என்ற செய்தி கிடைக்கிறது. பாதி வழியில் வண்டியைத் திருப்பிக்கொண்டு ஊருக்குள் வந்தவர், மதுக்கடை, தேவாலயம், தெரிந்தவர் வீடு என்று ஆள் தேடி அலைவதுதான் 85 நிமிடப் படத்தின் பெரும்பகுதி. கதையில் கழியும் நேரமும் ஏறத்தாழ அவ்வளவே என்பதால், சுவர்க் கடிகாரம் திரையில் தெரியும்போதெல்லாம் நமக்கும் வயிற்றைப் பிசைகிறது. மில்லருக்குத் தண்டனை விதித்த நீதிபதி, சுவரிலிருந்த கொடியை இறக்கி மடித்து, நீதியின் தராசையும் பையில் போட்டுக்கொண்டு ஊரைவிட்டே போய்விடுகிறார். நண்பர் ஒருவரோ வீட்டுக்குள் ஒளிந்துகொண்டு, தான் இல்லையென்று மனைவியைச் சொல்லவைக்கிறார். வாசலில் நிற்கும் அந்தப் பெண்ணின் கூனிக்குறுகிய முகத்தை என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை.

கேனாக நடித்த கேரி கூப்பருக்கு அப்போது வயது ஐம்பதைத் தொட்டிருந்தது. கேன் தனியே அமர்ந்து உயில் எழுதும் இடத்தில், ஆடும் பெண்டுலமும் ஊராரின் முகங்களும் வெறும் தண்டவாளமும் மாறி மாறி வந்து, ரயிலின் கூவலில் போய் நிற்கின்றன. பின்னர் கிரேனில் மேலேறும் கேமரா, ஆளரவமற்ற தெருவில் அவரை ஒரு புள்ளிபோல விட்டுவிடுகிறது. ஃபிளாய்ட் கிராஸ்பியின் கருப்பு வெள்ளை ஒளிப்பதிவில் வானம்கூட வெளிறிக் கிடக்கிறது.

ஒரு மார்ஷல் இப்படி ஊராரிடம் உதவி கேட்டு அலைவாரா என்று கடிந்துகொண்ட இயக்குநர் ஹோவர்ட் ஹாக்ஸ், அதற்கு மறுமொழியாகவே 1959இல் ‘ரியோ பிராவோ’ படத்தை எடுத்தார். ஹாக்ஸ்மீது எனக்குப் பெருமதிப்பு உண்டு. ஆயினும் இதில் அவரோடு உடன்பட இயலவில்லை. பயத்தை மறைக்காமல், வியர்வையைத் துடைத்துக்கொண்டே தெருவில் இறங்குபவரைத்தான் நான் வீரர் என்பேன். திரைக்கதை எழுதிய கார்ல் ஃபோர்மனும் அந்நிலையில்தான் இருந்தார்: 1951இல் கம்யூனிஸ்டுகளைத் தேடிய அமெரிக்க நாடாளுமன்றக் குழு விசாரணைக்கு அழைத்தபோது பிறரைக் காட்டிக்கொடுக்க மறுத்ததால் ஹாலிவுட்டில் வேலையிழந்து, இங்கிலாந்துக்குக் குடிபெயர நேர்ந்தது.

எல்லாம் முடிந்தபின் ஓடிவந்து கூடும் ஊராரிடம் கேன் ஒரு சொல்லும் பேசாமல், நட்சத்திரப் பதக்கத்தைக் கழற்றிப் புழுதியில் எறிந்துவிட்டு மனைவியோடு வண்டியேறுகிறார். இப்படத்துக்கென்றே தங்கள் இதழில் ஒரு தனிக்கட்டுரை வரவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் நெடுநாள் வாசகன்