ஆண்டறிக்கை: செத்த வில்லன் திரும்பி வந்த ஆண்டு

நம் கதை விளையாட்டு மன்றத்தின் தலைவர் அவர்களுக்கும், ஞாயிற்றுக்கிழமை மத்தியானத் தூக்கத்தை விட்டுவிட்டு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வழக்கமான விஷயங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். புதிதாக 4 பேர் சேர்ந்தார்கள். 2 பேர் வேலை மாற்றலாகிப் போனார்கள். மாடி அறைக்கு வாடகை ஏறவில்லை. டைஸ் டப்பாவில் இருபது முக டைஸ் மூன்றைக் காணோம். யார் வீட்டுக்கு எடுத்துப் போயிருந்தாலும் சத்தமில்லாமல் திரும்பப் போட்டுவிடலாம், கேள்வி கேட்க மாட்டேன்.

இனி ஆடி மாதத்துச் சண்டை. குற்றவாளி நான்தான் என்பதால் அது ஒழுங்காகப் பதிவாக வேண்டும்.

இந்த ஆண்டின் பெரிய கேம்பெயினுக்கு, அதாவது பல செஷனாக ஓடும் தொடர்கதைக்கு, நான் டிஎம்: கதையை நடத்தி, வில்லன் முதலான மற்ற ஆட்களை ஆடுபவர். விளையாட்டு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், ஐந்தாம் பதிப்பு: ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, செய்வது பலிக்குமா என்று டைஸ் உருட்டிப் பார்ப்பது. 12 செஷனுக்கான கதையை முன்கூட்டியே நோட்டில் எழுதி வைத்திருந்தேன். மூன்றாவது செஷனில் வில்லன் படகுத்துறையில் முகத்தைக் காட்டிவிட்டுத் தப்ப வேண்டும். ஒரு உறுப்பினர் அம்பு விட்டார். டைஸில் இருபது, அதாவது உச்ச எண், விழுந்தது. டேமேஜைக் கூட்டிப் பார்த்தால் வில்லன் காலி. மேசையே எழுந்து கத்தியது. எனக்கோ மீதி ஒன்பது செஷனும் கண்முன் வந்து நின்றன. "உடம்பு ஆற்றில் விழுந்துவிட்டது, தேடியும் கிடைக்கவில்லை" என்றேன். அடுத்த மாதம் அவனை உயிரோடு கொண்டுவந்தபோது அந்த உறுப்பினர் கேட்டார்: "அப்ப நான் டைஸ் உருட்டினது எதுக்கு சார்?" அதன்பின் இரண்டு வாரம் அவர் வரவில்லை.

எனக்கு முன்னோடிகள் உண்டு. 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கிய இந்த விளையாட்டு, போர் விளையாட்டுகளின் வயிற்றில் பிறந்தது. நிலவறைக்குள் போனோமா, புதையலோடு வந்தோமா, அவ்வளவுதான் கதை. 1984இல் தொடங்கிய டிராகன்லான்ஸ் சாகசங்கள் நீண்ட கதையைக் கொண்டுவந்தன. பின்னால் தேவைப்படும் கதாபாத்திரம் செத்தால் பிணம் கிடைக்காதபடி பார்த்துக்கொள்ள அவற்றில் விதியே உண்டு. நம் சீரியல்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

சரி, பரிகாரம் செய்வோம் என்று கதையை ஓரங்கட்டிவிட்டு, ஆளுக்கு இரண்டு பக்கம் முன்கதை எழுதி வரச் சொன்னேன். ஒருவர் பதினோரு பக்கம் கொண்டுவந்தார். அவருடைய ட்வார்ஃப் (குள்ளர் இனத்து) வீரனின் சித்தப்பா சொத்துத் தகராறிலேயே ஒரு மாலை போயிற்று. மற்ற நால்வரும் பஜ்ஜியைத் தின்றுவிட்டு போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்புறம்தான் பாத்திரத்தின் விவரங்களை எழுதும் கேரக்டர் ஷீட்டை ஒழுங்காகப் பார்த்தேன். 2014ஆம் ஆண்டுப் பதிப்பின் ஷீட்டில் குணம், கொள்கை, பிணைப்பு, குறை என்று நான்கு கட்டங்கள் இருக்கின்றன. நம் ஷீட்டுகளில் எல்லாம் காலி. பிணைப்பையும் குறையையும் மட்டும் ஆளுக்கொரு வரியில் நிரப்பச் சொன்னேன். தன் குறைப்படியே நடந்து வம்பில் மாட்டியவருக்கு இன்ஸ்பிரேஷன் என்ற பரிசு. அடையாளமாகக் கேரம் போர்டின் சிவப்புக் காய். அதைத் திருப்பிக் கொடுத்தால் ஒரு தடவை இரண்டு டைஸ் உருட்டிப் பெரியதை வைத்துக்கொள்ளலாம்.

வில்லனின் திட்டத்தை அப்படியே விட்டுவிட்டு அதில் வரும் ஆட்களை மாற்றினேன். திருடியாக ஆடியவர் பிணைப்புக் கட்டத்தில் "அண்ணன் எனக்காக ஜெயிலுக்குப் போனான்" என்று எழுதியிருந்தார். வில்லனுக்கு வரி வசூலிக்கும் பெயரில்லாத ஆள் அந்த அண்ணன் ஆனான்.

ஒன்பதாவது செஷனில், ராஜமுத்திரையைக் கொடுத்தால் அண்ணனை விடுகிறேன் என்றான் வில்லன். திருடியாக ஆடியவர் சிவப்புக் காயை மேசையில் சுற்றிவிட்டுக்கொண்டே பத்து நிமிஷம் பேசாமல் இருந்தார். வாட்ச்மேன் இரண்டு தடவை வந்து லைட்டை அணைத்துப் பார்த்தார். கடைசியில் முத்திரையைக் கொடுத்துவிட்டார். என் நோட்டில் அதற்குப் பக்கமே இல்லை. கொடுக்காதே என்று கடைசிவரை சண்டை போட்டவர், அன்று அம்பு விட்ட அதே உறுப்பினர்.

இப்போதெல்லாம் வில்லன் என்ன செய்யப் போகிறான் என்பது வரைதான் எழுதி வருகிறேன். அதனால் 12 செஷன் 17 ஆனது, டீச் செலவும் கூடியது. பொருளாளர் அதைப் பற்றிப் பேசுவார். கேரம் போர்டில் சிவப்புக் காய் இல்லை என்று ஒரு புகார் வந்திருக்கிறது. அது என்னிடம்தான் இருக்கிறது.